சுவரில் மாட்டிய கல்கத்தா

2010இல் கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்தேன். (ஊர்ப் பெயர் 2001இலேயே கொல்கத்தா ஆகிவிட்டது. நான் சொல்லப் போவது பழைய ஊரைப் பற்றி என்பதால் கல்கத்தா என்றே இருக்கட்டும்.) வந்த ஆறேழு மாதத்தில் ஒரு பழைய சாமான் கடையில் 1,800 ரூபாய் கொடுத்து ஒரு படம் வாங்கினேன். தேக்குச் சட்டம், பழுப்பேறிய காகிதம், நீளமான வெள்ளைக் கட்டடம், தெருவில் பல்லக்கு, வண்டி, ஜனங்கள். அடியில் ஆங்கிலத்தில் தாமஸ் டேனியல், 1786 என்று போட்டிருந்தது. கடைக்காரர் "ஒரிஜினல் தாதா, ஒரிஜினல்" என்று மூன்று தடவை சொன்னார். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

மூன்று வருடம் அது எங்கள் வரவேற்பறையில் கம்பீரமாகத் தொங்கியது. லேக் மார்க்கெட் பக்கம் இருக்கும் நம் ஊர் நண்பர்கள் வீட்டுக்கு வந்தால், காபி வருவதற்குள் இந்தப் படத்தைப் பற்றி ஒரு பிரசங்கம் வைத்துவிடுவேன். ஒரு நாள் பையன் பள்ளிக்கூட வேலைக்காக வாங்கிய பூதக்கண்ணாடியோடு வீட்டில் கண்ணில் பட்டதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். நாற்காலி மேல் ஏறி இதையும் பார்த்தான்.

"அப்பா, இதுல நியூஸ் பேப்பர் போட்டோ மாதிரி கலர் கலரா புள்ளி இருக்குப்பா."

நானும் பார்த்தேன். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் வரிசை பிசகாமல், மார்கழிக் கோலம் மாதிரி. ஆஃப்செட் அச்சு. சட்டத்தைப் பிரித்துப் பார்த்தபோது காகிதத்தின் பழுப்பு ஓரத்தில் கொஞ்சம் திட்டுத் திட்டாக இருந்தது. டீத்தண்ணியாக இருக்கலாம்.

"நான் அன்னிக்கே சொன்னேன், இது காலண்டர் படம்னு. நீங்க எங்க கேட்டீங்க?" என்றாள் மனைவி. சொன்னது உண்மைதான். என்னால் மறுக்க முடியவில்லை.

அந்த அவமானத்தில்தான் இந்தப் பைத்தியம் ஆரம்பித்தது. அசல் எப்படி இருக்கும், போலி எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளப் போய், அந்தப் படங்களை யார் எதற்காக அச்சிட்டார்கள், யார் வாங்கினார்கள், படத்தில் இருக்கும் கட்டடமெல்லாம் எங்கே போயிற்று என்று ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு போய்விட்டது.

முதலில் கட்டடங்கள். என் ஆபீஸ் பி.பி.டி. பாக் பக்கம். பழைய பெயர் டல்ஹௌசி ஸ்கொயர், அதற்கும் முந்தின பெயர் டாங்க் ஸ்கொயர். நடுவில் இருக்கும் குளம் லால் திகி. மத்தியான சாப்பாட்டு இடைவேளையில் அந்தப் போலிப் படத்தை செல்போனில் எடுத்துக்கொண்டு போய்க் குளத்தங்கரையில் நின்றேன். போலி என்றாலும் படம் அசலின் பிரதிதானே, அதில் உள்ள கட்டடங்கள் பொய்யில்லை.

நீளமான வெள்ளைக் கட்டடம் ரைட்டர்ஸ் பில்டிங். கம்பெனி குமாஸ்தாக்கள் தங்குவதற்காக 1777இல் ஆரம்பித்துக் கட்டியது. அந்தக் காலத்தில் 'ரைட்டர்' என்றால் கணக்குப்பிள்ளை. படத்தில் அது தூண் இல்லாமல், வராந்தா இல்லாமல், வரிசையாக ஜன்னல் மட்டும் வைத்த மொட்டைக் கட்டடம். ஏதோ ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கிறது. இன்று நாம் பார்க்கும் சிவப்பு முகப்பும் சிலைகளும் 1880களில் ஒட்டவைத்தவை. மேற்கு வங்கத் தலைமைச் செயலகம் 2013இல் ஹௌராவில் உள்ள நபன்னாவுக்குப் போகும்வரை அரசாங்கமே அங்கேதான் இருந்தது.

ரைட்டர்ஸை ஒட்டிப் படத்தில் இன்னொரு கட்டடம், பழைய கோர்ட் ஹவுஸ். அதைத் தேடிக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். 1792இலேயே இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது இருப்பது செயின்ட் ஆண்ட்ரூஸ் சர்ச், 1818இல் திறந்தது. ஆனால் அங்கிருந்து தெற்கே போகும் சாலைக்கு ஓல்ட் கோர்ட் ஹவுஸ் ஸ்ட்ரீட் என்று பெயர். சர்க்கார் பலகையில் ஹேமந்த பாசு சரணி என்று மாறிவிட்டாலும் பழைய ஆட்கள் வாயில் பழைய பெயர்தான். இடித்து இருநூறு வருடத்துக்கு மேல் ஆன கட்டடத்தின் பெயரைச் சொல்லித்தான் அந்தத் தெருவில் இன்னும் டாக்ஸி பேசுகிறோம்.

இனி அந்த டேனியல் யார் என்று பார்ப்போம்.

தாமஸ் டேனியல் 1749இல் பிறந்தவர். சாரட்டு வண்டிகளில் குடும்பச் சின்னம் தீட்டுகிற வேலையில் தொழில் பழகியவர். லண்டனில் ஓவியர்கள் மலிந்து கிடந்ததால் பிழைப்புத் தேடி 1785இல் கப்பல் ஏறினார். கூடவே உதவிக்கு அண்ணன் மகன் வில்லியம், பதினாறு வயதுகூட நிரம்பியிருக்காது. சீனா வழியாகச் சுற்றிக்கொண்டு 1786இல் கல்கத்தா வந்து சேர்ந்தார்கள். வந்த வருடமே, 'கல்கத்தாவின் பன்னிரண்டு காட்சிகள்' என்று ஒரு தொகுப்பு போடப்போகிறேன், முன்பணம் கட்டுகிறவர்களுக்கு விலை பன்னிரண்டு தங்க மொகர் என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார் தாமஸ். ஒரு மொகருக்குப் பதினாறு வெள்ளி ரூபாய் என்றால், மொத்தம் 192 ரூபாய். அன்றைக்கு அது சின்னப் பணம் இல்லை.

விளம்பரம் கொடுத்துவிட்டார், ஆனால் அச்சிடுவது எப்படி? அவர் எடுத்துக்கொண்டது அக்வாடின்ட் என்ற முறை. செப்புத் தகட்டின் மேல் பிசின் பொடியை மெல்லிசாகத் தூவிச் சூடு காட்டினால் பொடி உருகித் துளித்துளியாகத் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். அமிலத்தில் போட்டால் துளிகளுக்கு நடுவில் இருக்கும் இடுக்குகளை மட்டும் அரிக்கும். லேசாக அரித்த இடம் சாம்பல் நிறத்தில் அச்சாகும், ஆழமாக அரித்த இடம் கறுப்பாக அச்சாகும். வானம் வெளிறி இருக்க வேண்டும் என்றால் அங்கே வார்னிஷ் பூசி மறைத்துவிட்டு மற்ற இடத்தை மறுபடி அமிலத்தில் விட வேண்டும். இப்படிப் பல தடவை. கோடுகளைத் தனியாக ஊசியால் கீறி அரிக்க வேண்டும். எல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாக வரைய வேண்டும். கடைசியில் மையைத் தடவித் துடைத்து, ஈரக் காகிதம் வைத்து, உருளை அழுத்தத்தில் ஓட்டி எடுக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு தாளிலும் கையால் வண்ணம்.

இங்கிலாந்திலேயே 1770களில்தான் இந்த முறை பரவ ஆரம்பித்தது. கல்கத்தாவில் இது தெரிந்த ஆள் யாரும் இல்லை. உள்ளூர்க் கைவினைஞர்களை வைத்துக்கொண்டு, தானும் கற்றுக்கொண்டு அவர்களுக்கும் கற்றுக்கொடுத்துத்தான் வேலையை முடித்தார். ஓவியன், செதுக்குபவன், செம்பு தட்டுகிறவன், அச்சடிப்பவன், அச்சாபீஸ் எடுபிடி எல்லாம் நானே என்று ஒரு நண்பருக்குக் கடிதத்தில் புலம்பியிருக்கிறார். பன்னிரண்டு படம் முடிய 1788 ஆகிவிட்டது. அந்த உள்ளூர்க் கைவினைஞர்கள் பெயர் எந்தப் படத்தின் அடியிலும் இல்லை. கோயில் கட்டிய ஸ்தபதி பெயரைத் தேடி அலுத்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

இவ்வளவு பணம் கொடுத்து இந்தப் படங்களை யார் வாங்கினார்கள்? இந்தக் கேள்விதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. வாங்கியவர்கள் பெரும்பாலும் கம்பெனி உத்தியோகஸ்தர்கள். வீட்டை விட்டுக் கப்பலில் ஐந்தாறு மாதத் தூரத்துக்கு வந்தவர்கள். தாங்கள் இருக்கும் ஊர் இப்படித்தான் இருக்கிறது, நாங்கள் ஒன்றும் காட்டில் கிடக்கவில்லை, தூணும் மாடியுமாக நகரம் இருக்கிறது என்று அம்மா அப்பாவுக்குக் காட்ட வேண்டும். நான் முதல் மாதமே விக்டோரியா மெமோரியல் முன்னால் நின்று குடும்பத்தோடு போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பியது ஞாபகம் வந்தது. பின்னணியில் பளிங்கு மண்டபம், முன்னால் நாங்கள். நாங்கள் குடியிருந்த ஒண்டுக் குடித்தனத்தையோ மழைத் தண்ணீர் நின்ற தெருவையோ எடுத்து அனுப்பவில்லை. தாமஸ் டேனியலின் கல்கத்தாவிலும் சாக்கடை இல்லை. அந்தப் படங்களை ஆதாரமாக எடுத்துக்கொள்ளும்போது இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவை அருமையான ஆதாரம். அந்தப் பன்னிரண்டில் உள்ள முக்கியக் கட்டடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கோர்ட் ஹவுஸ் 1792இல் போயிற்று. பழைய கவர்ன்மென்ட் ஹவுஸும் கவுன்சில் ஹவுஸும் வெல்லெஸ்லி பிரபுவின் புது மாளிகைக்காக இடிபட்டன. அந்த மாளிகை 1799இல் ஆரம்பித்து 1803இல் முடிந்தது, அதுதான் இன்றைய ஆளுநர் மாளிகை. சிராஜ் உத்தௌலா பிடித்த பழைய கோட்டையின் மிச்சம் 1819இல் தரைமட்டம். அந்த இடத்தில் 1868இல் பெரிய தபாலாபீஸ் வந்தது. ஹோல்வெல் நினைவுத்தூணை 1821இல் எடுத்தார்கள். கர்சன் வந்து பளிங்கில் அதை மறுபடி நட்டார். 1940இல் சுபாஷ் போஸ் அதை எதிர்த்துக் கிளர்ச்சி ஆரம்பித்து ஜெயிலுக்குப் போனார். அதன் பிறகு செயின்ட் ஜான்ஸ் சர்ச் வளாகத்துக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். அந்தச் சர்ச் டேனியல் படத்திலும் இருக்கிறது, இன்றும் இருக்கிறது. அது 1787இல் திறந்த கட்டடம், அவர் வரைந்தபோது சுண்ணாம்பு காய்ந்திருக்குமோ என்னவோ.

ஆக, நாம் 'பழைய கல்கத்தா' என்று சட்டம் போட்டு மாட்டுகிற படம், வரைந்த அன்றைக்குப் புது ஊர். அடுத்த முப்பத்தைந்து வருடத்துக்குள் அதில் பாதிக்கு மேல் காணாமல் போய்விட்டது. இடித்தவன் எவனோ அந்நியன் இல்லை, கட்டிய கம்பெனிக்காரனேதான். பழையதைக் காப்பாற்ற வேண்டும் என்று அன்றைக்கு யாரும் உண்ணாவிரதம் இருந்ததாகத் தெரியவில்லை.

இதே சதுக்கத்தை ஜேம்ஸ் பெய்லி ஃப்ரேசர் என்ற ஸ்காட்லாந்துக்காரரும் வரைந்திருக்கிறார். 1824 முதல் 1826 வரை வெளிவந்த அவருடைய இருபத்துநான்கு கல்கத்தாக் காட்சிகளில் ரைட்டர்ஸ் பில்டிங் இருக்கிறது. இப்போது அதற்குத் தூண்கள் முளைத்துவிட்டன. கோடியில் கோர்ட் ஹவுஸுக்குப் பதில் ஆண்ட்ரூஸ் சர்ச்சின் கூர்கோபுரம். டேனியலையும் ஃப்ரேசரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நாற்பது வருடத்தில் ஒரு தெருவுக்கு என்ன ஆயிற்று என்று புத்தகம் படிக்காமலே தெரிந்துவிடும். பழைய கல்கத்தாப் படங்களில் மாடி விளிம்புகளில் பெரிய மொட்டைத்தலை நாரைகள் உட்கார்ந்திருக்கும். ஹர்கிலா என்று பெயர். ஊர்க் குப்பையைத் தின்று துப்புரவு வேலை பார்த்த பறவை. இன்று கல்கத்தாவில் அதைப் பார்க்க முடியாது, அஸ்ஸாமுக்கோ பீகாருக்கோதான் போக வேண்டும். கட்டடத்துக்காக வாங்கும் படத்தில் இப்படி ஏதாவது ஓரத்தில் வந்து சேரும்.

இந்த இடத்தில் நம் ஊர்க் கதை ஒன்று. டேனியல் இருவரும் வடக்கே கார்வால் வரை சுற்றிவிட்டு வந்து, கையில் இருந்த ஓவியங்களைக் கல்கத்தாவில் லாட்டரி போட்டு விற்று, அந்தப் பணத்தில் 1792இல் மதராஸுக்குக் கப்பல் ஏறினார்கள். திப்பு சுல்தானோடு நடந்த மூன்றாம் மைசூர்ப் போர் அப்போதுதான் முடிந்திருந்தது. சண்டை நடந்த இடங்களின் படத்துக்கு இங்கிலாந்தில் கிராக்கி இருக்கும் என்று ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி மலைக்கோட்டைகளை முதலில் வரைந்தார்கள். பிறகு தெற்கே மதுரை, ராமேஸ்வரம், குமரிமுனை, குற்றாலம், திரும்பி வரும்போது தஞ்சாவூர், திருச்சி. எல்லாம் பல்லக்கிலும் குதிரையிலும். வழியெல்லாம் காமரா அப்ஸ்க்யூரா என்ற இருட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். லென்ஸ் வழியாக உள்ளே விழும் பிம்பத்தின் மேல் காகிதத்தை வைத்துக் கோடு இழுத்துக்கொள்ளலாம். அதனால்தான் அவர்களுடைய கோபுரங்கள் கோணாமல் நிற்கின்றன. அதற்கு முன்னால் ஐரோப்பியர்கள் போட்ட சில கோயில் படங்களைப் பார்த்தால் இது கோயிலா கேக்கா என்று சந்தேகம் வரும்.

லண்டன் திரும்பியபின் 1795 முதல் 1808 வரை 'ஓரியண்டல் சீனரி' என்று மொத்தம் 144 படங்கள் போட்டார்கள். முழுத் தொகுப்பின் விலை 210 பவுன். அதில் 1797-98இல் வந்த பகுதியில் மதுரை திருமலை நாயக்கர் அரண்மனையின் இடிபாடு இருக்கிறது. விக்டோரியா மெமோரியலில் டேனியல்களின் ஓவியங்களைப் பார்த்துவிட்டு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நூலகத்தில் ஒரு பெரிய புத்தகத்தில் அந்தப் பிரதியைப் பார்த்தேன். எனக்கு மதுரை. அரண்மனையில் ஒலியும் ஒளியும் காட்சிக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஆனால் நான் பார்த்த அரண்மனை, 1866 முதல் 1872 வரை மதராஸ் கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு பழுது பார்த்துக் கொடுத்தது. அதற்கு எழுபது வருடத்துக்கு முந்தின நிலையை, பராமரிப்பு இல்லாமல் தூண்களும் வளைவுகளும் வெட்ட வெளியில் நிற்பதைக் கல்கத்தாவில் உட்கார்ந்துதான் முதல் தடவை பார்த்தேன். அம்மாவிடம் போனில் சொன்னேன். "அங்க போயி நம்மூரைப் பார்த்தியாக்கும்" என்றார்கள்.

சரி, அசலைக் கண்டுபிடிப்பது எப்படி? நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டது இது.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று கட்டாயம். நகைக்கடையில் வைரம் பார்ப்பார்களே, அது போதும். வரிசையான கலர்ப் புள்ளி தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். அக்வாடின்ட் என்றால் ஒழுங்கில்லாத வலை மாதிரி, காய்ந்த குளத்து மண் வெடிப்பு மாதிரித் தெரியும். செப்புத் தகட்டு அச்சு என்றால் படத்தைச் சுற்றிக் காகிதம் செவ்வகமாக அழுந்தியிருக்கும், விரலால் தடவினால் தெரியும். (இதைக்கூடப் போலியாக அழுத்துகிறார்கள்.) காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தால் சிலவற்றில் வாட்மன் என்ற ஆலையின் பெயரும் வருடமும் நீர்க்குறியாகத் தெரியும். படத்தின் அடியில் 1797 என்றும் காகிதத்தில் அதற்கு வெகு பின்னாலான வருடமும் இருந்தால், பழைய தகட்டில் பிற்பாடு எடுத்த அச்சு என்று அர்த்தம். லித்தோகிராஃப் கல்லிலிருந்து எடுப்பது, அதில் தகட்டு அழுத்தம் கிடையாது, சாக்பீஸால் வரைந்த மாதிரிச் சொரசொரப்பு இருக்கும். டி'ஆய்லியின், 1848இல் வெளிவந்த கல்கத்தாக் காட்சிகள் அந்த ரகம்.

செப்புத் தகடு மெத்தென்றிருக்கும். அக்வாடின்ட் சில நூறு படம் எடுப்பதற்குள் தேய்ந்துவிடும். 1820களில் உருக்குத் தகடு புழக்கத்துக்கு வந்ததும் ஆயிரக்கணக்கில் எடுக்க முடிந்தது, விலை இறங்கியது. அதனால்தான் வில்லியம் டேனியலின் சித்திரங்களை வைத்து 1834 முதல் வந்த 'ஓரியண்டல் ஆன்யுவல்' என்ற சின்னப் புத்தகத்தின் உருக்குத் தகட்டுப் படங்கள் இன்றும் நம்மைப் போன்ற சம்பளக்காரர்கள் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கின்றன. ஓரியண்டல் சீனரி பெரிய அளவுத் தாள் நமக்குக் கட்டுப்படியாகாது. அதே படங்களைச் சிறிதாக்கி 1812-16இல் ஒரு பதிப்பு போட்டார்கள். சிறியதைக் காட்டிப் பெரியதின் விலை சொல்லும் கடைக்காரர்கள் உண்டு, அளவு கேட்டுக்கொள்ளுங்கள். வண்ணத்தையும் நம்பக் கூடாது. கறுப்பு வெள்ளையாக வந்த படத்துக்குப் போன வருடம் கலர் அடித்திருக்கலாம்.

எல்லாவற்றையும் விட மலிவு பத்திரிகைப் படங்கள். 1842இல் ஆரம்பித்த 'இல்லஸ்ட்ரேடட் லண்டன் நியூஸ்' வாரப் பத்திரிகையில் வந்த மரச்செதுக்குப் படங்கள். பாக்ஸ்வுட் என்ற கெட்டி மரத்தில் செதுக்கியவை. அந்த மரம் பெரிய பலகையாகக் கிடைக்காது என்பதால் சின்னச் சின்னக் கட்டைகளை போல்ட் போட்டு இணைத்திருப்பார்கள். அவசர வேலை என்றால் கழற்றி ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துச் செதுக்கி மறுபடி முடுக்குவார்கள். லென்ஸில் பார்த்தால் சில படங்களில் வானத்துக்குக் குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடு ஓடும். கட்டைகள் சேருமிடம் அது. பின்பக்கம் பெரும்பாலும் செய்தி அச்சாகியிருக்கும்.

அந்தப் பின்பக்கச் செய்தியில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

நான்கைந்து வருடத்துக்கு முன்னால், வேறொரு கடையில் (இதன் பெயரையும் விட்டுவிடுகிறேன்) கனமான தொகுதி ஒன்றைப் பார்த்தேன். இல்லஸ்ட்ரேடட் லண்டன் நியூஸ், 1876 ஜனவரி முதல் ஜூன் வரை. வேல்ஸ் இளவரசர் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்த சமயம். அவர் தூத்துக்குடியில் இறங்கி மதுரை, திருச்சி, மதராஸ் வழியாக 1875 டிசம்பர் 23 அன்று கல்கத்தா வந்தார். பத்திரிகையின் சார்பில் கூடவே வந்தவர் வில்லியம் சிம்சன் என்ற பெரிய சித்திரக்காரர். அவர் வரைந்து அனுப்பியது தபால் கப்பலில் போய்ச் சேர்ந்து அச்சாக வாரக்கணக்கில் ஆகும், அதனால் டிசம்பர் நிகழ்ச்சி ஜனவரி இதழ்களில் வரும். தொகுதியின் முதல் பக்கத்தில் ஏதோ ஒரு கிளப்பின் வட்டமான ஊதா முத்திரை. மை கலைந்து பெயர் படிக்க முடியவில்லை. புரட்டினால் கவர்ன்மென்ட் ஹவுஸ் படிக்கட்டும் அதன் முன்னால் கூட்டமும் ஒரு முழுப் பக்கம்.

"முழுசும் எவ்வளவு?" என்றேன். என் ஒரு மாத வீட்டு வாடகை அளவுக்குச் சொன்னார்.

நான் முகத்தைச் சுருக்கினேன். அவர் சட்டென்று மேஜை டிராயரைத் திறந்து பிளேடு எடுத்தார். "உங்களுக்கு எது வேணும், தாதா? அதை மட்டும் எடுத்துக்கோங்க. எண்ணூறு குடுங்க."

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் முதுகுப்பக்கம் ஓரமாக பிளேடை வைத்து இழுத்தார். ரொம்ப மெல்லிய சத்தம். நான்கு விநாடிகூட ஆகியிருக்காது. நூற்று நாற்பது வருடமாக ஒன்றாக இருந்த புத்தகத்தில் முதல் வெட்டு என் எண்ணூறு ரூபாய்க்காக விழுந்தது.

வீட்டுக்கு வந்து பின்பக்கத்தைப் படித்தேன். இளவரசர் வரவேற்பு பற்றிய செய்தி, பாதி வாக்கியத்தில் நின்றது. மீதி அடுத்த பக்கத்தில், அதாவது கடையில். அதைப் படித்தால்தான் படத்தில் அந்தப் படிக்கட்டில் நிற்பது யார் யார் என்றே தெரியும். கட்டடத்தை வாங்கி வந்தேன், அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் என்ன நடந்தது என்பதைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

இந்தத் தொழிலில் இது சாதாரணம். புத்தகமாக விற்றால் வருவதைவிடத் தாள் தாளாக விற்றால் பல மடங்கு வரும். லண்டனிலும் இதேதான் நடந்திருக்கிறது. ஏல விற்பனையில் தொகுதியை எடுத்துப் பிரித்து, மௌன்ட் போட்டு, ஒவ்வொன்றாக விற்பார்கள். நாம் சுவர்களில் பார்க்கும் தனித்தாள்களில் பெரும்பாலானவை ஒரு காலத்தில் புத்தகத்தில் இருந்தவைதான். இடது ஓரத்தில் தையல் துளையோ வெட்டோ இருக்கும், மௌன்ட் அதை மறைத்துவிடும். டேனியல் தொகுப்பு முழுசாக இருந்தால் முகவுரை, படத்துக்குப் படம் விளக்கம், வரிசை எல்லாம் கூட இருக்கும். தனித்தாளில் பெயரும் தேதியும் மட்டும் மிஞ்சும். சர்க்காருடைய 1972ஆம் வருடத்துப் பழம்பொருள் சட்டம் நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகத் தடை போடுகிறது. (அமெரிக்காவில் இருக்கும் மச்சினனுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தனுப்ப நினைப்பவர்கள் கவனிக்கவும்.) ஆனால் சொந்தப் புத்தகத்தைக் கடைக்குள்ளேயே பிளேடால் வெட்டுகிறவரை அது ஒன்றும் செய்வதில்லை.

மூன்று வாரம் கழித்துப் பணத்தைப் புரட்டிக்கொண்டு மறுபடி போனேன். தொகுதி இருந்தது. ஆனால் படம் என்று பெயர் சொல்ல அதில் ஏழோ எட்டோ பக்கம்தான் மிச்சம். எல்லாம் ஐரோப்பியச் செய்திகள். இந்தியப் படங்கள் அத்தனையும் போய்விட்டன. "நீங்க ஆரம்பிச்சு வெச்சீங்க, நல்லாப் போச்சு" என்று சந்தோஷமாகச் சொன்னார். மதுரையோ திருச்சியோ அதில் இருந்ததா என்று அன்றைக்கே முழுசாகப் புரட்டிப் பார்க்காதது வேறு உறுத்தியது. மிச்சமிருந்த அட்டையையும் பக்கங்களையும் நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கி வந்தேன். பழைய பேப்பர் விலைக்கு மேல் எவ்வளவு கொடுத்தாலும் லாபம் என்று நினைத்திருப்பார்.

என் பக்கத்தைச் சட்டத்திலிருந்து எடுத்து அதனுடைய இடத்திலேயே வைத்தேன். வெட்டு விளிம்பு பொருந்தியது. ஆனால் பிளேடு அடுத்த தாளிலும் லேசாக இறங்கியிருந்ததால், ஒரு பத்தியில் ஒவ்வொரு வரியிலும் முதல் இரண்டு எழுத்து இல்லை. ஊகித்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பத்தியில்தான் படிக்கட்டில் நிற்பவர்களின் பெயர்கள் வருகின்றன.

தொகுதி இப்போது அலமாரியில், அமிலமில்லாத காகிதத்தில் சுற்றி, மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இருக்கிறது. கல்கத்தா ஈரத்துக்குப் பழுப்புப் புள்ளி விழ ஒரு ஆடி மாதம் போதும். வரவேற்பறை ஆணியில் பழையபடி அந்த 1,800 ரூபாய்க் காலண்டர் படம்தான் தொங்குகிறது.

தொகுதியில் எந்தெந்தப் பக்க எண்கள் இல்லை என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ கல்கத்தாவில் வாங்கிய அந்த வருடத்துப் பத்திரிகைப் படம் ஏதாவது இருந்தால், ஒரு தடவை சட்டத்தைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். ஊதா நிறத்தில் வட்ட முத்திரை இருந்தால் பக்க எண்ணையும் அது எந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதையும் எனக்கு எழுதுங்கள். திருப்பிக் கேட்க மாட்டேன், அது உங்களுடையதுதான். பின்பக்கத்துச் செய்தியை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பினால் போதும்.